உராய்வு எந்தத் துறை?

போன ஆனி மாதம் ஒரு பிள்ளை என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தாள். ஆமத்தூர், எங்கள் தெரு. ஊருக்குள் பார்த்தால் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். துறை அறைக்குள் வந்துவிட்டதால் சார் என்றாள். வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறாள். அவள் அம்மாவுக்குப் பயர் ஆபீசில் மருந்து செலுத்துகிற வேலை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்குப் பேர் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆலைக்குப் பேர் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் சனம் ஆபீசுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் சாவுக்குப் போகிறது.

பிள்ளை ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி வைத்திருந்தாள். கலந்த மருந்து எவ்வளவு நேரம், எந்த ஈரத்தில் மீந்து கிடந்தால் ஆபத்தாகிறது என்பது ஒரு பாதி. அன்றைக்கு அந்த அறையில் இருந்த பெண்களுக்குப் பீஸ் கணக்கு எவ்வளவு, வாரக் கடன் எவ்வளவு, எத்தனை மணிக்கு வேலையை நெருக்கினார்கள் என்பது மறு பாதி. இரண்டையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

"கெமிஸ்ட்ரியில கேட்டேன் சார். கூலிக் கணக்கெல்லாம் சோசியாலஜிம்மா, அங்க போன்னாங்க. சோசியாலஜியில கேட்டேன். ஒனக்கு அதுல எம்.ஏ. இல்லையே, நெட்டும் கெமிஸ்ட்ரியிலதான எழுதப் போறன்னாங்க. நீங்க நம்ம சனங்களப் பத்தி எழுதுறீங்களே, தமிழ்ல பண்ண முடியுமான்னு கேக்க வந்தேன்."

நான் சொன்ன பதில்: "இது தமிழ்த் துறைக்குள்ள வராதேம்மா."

அவள் ஒன்றும் சொல்லாமல் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பதிலை நான் சொன்னது அது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்ன கதையை எழுதினால்தான் பல்கலைக்கழகங்கள் இன்று வாய் ஓயாமல் பேசுகிற 'பல்துறை ஆய்வு' என்கிற சங்கதியை விமர்சிக்க எனக்கு யோக்கியதை வரும். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

*

1997இல் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தேன். நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் திட்டம் ஒன்றில் களப்பணி உதவியாளனாகச் சேர்ந்தேன். எந்த நிறுவனத்தின் திட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. அப்போது நாட்டார் வழக்காற்றியலுக்கு நல்ல காலம். 1980களிலும் 90களிலும் ஃபோர்டு அறக்கட்டளையின் பணம்கூட இந்தியாவில் இந்தத் துறைக்கு வந்தது. மொழியியல், மானிடவியல், இலக்கியம், வரலாறு எல்லாம் வந்து கூடுகிற சந்தி இதுதான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் துறையால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கிழவிகளின் பாட்டு ஒலிநாடாவில் ஏறியது அந்தப் பணத்தால்தான். பண்டிதர்கள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு கடந்துபோன தெருவுக்குள் அந்தத் துறைதான் வந்து உட்கார்ந்தது.

எனக்கு அத்தை முறை ஒருத்தி. ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். முந்தின வருசம் பயர் ஆபீசில் கருகிப்போன ஒரு குமரிப்பிள்ளைக்கு அவள் வைத்த ஒப்பாரியைப் பதிவு செய்யப் போனேன். பாடினாள். பாட்டு முடிந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, அதே மூச்சில் பேச ஆரம்பித்தாள். கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பேசியதை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்:

"பேப்பர்ல உரசுச்சுன்னு போட்டிருந்தானாமே மருமகனே, எது எதோட உரசுச்சு? அந்தப் பிள்ள வந்து உக்காந்து அரமணி நேரங்கூட ஆகல. முந்தின நா சாயங்காலம் மழ பெஞ்சுச்சுல்ல, அப்பக் கலந்த மருந்து பாதி அப்பிடியே கெடந்துச்சு. மறுநா அதத்தான் எடுத்துக் குடுத்தாக. தூரப் போட்டா அவுகளுக்கு நட்டம்ல. நாந் தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. அடுப்புச் சூடு இல்ல, காய்ச்சக்காரப் பிள்ள நெத்தி சுடுமே அப்பிடி. தொட்டில் துணி வாட வேற அடிச்சுச்சு. போர்மேங்கிட்டச் சொன்னேன், ஏங்க, இதுல மூத்தர வாட அடிக்குதுங்கன்னு. அவரு சிரிச்சாரு. ஒங்க தெரு ஆளுகளுக்கு எங்க போனாலும் அந்த வாடதான் அடிக்கும்னாரு. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். வாடின்னேன். அந்தப் பிள்ள வரல. வாரக்காரனுக்குக் கட்டணும், கணக்குக் கொறையுது, நீ போத்தேன்னுருச்சு."

எங்களுக்கு அச்சடித்த படிவம் கொடுத்திருந்தார்கள். பாடல், பாடப்படும் சூழல், தகவலாளியின் பெயர், வயது, சாதி, தொழில், கல்வி. இத்தனைதான் கட்டம். ஒரு கேசட்டை எழுதி முடித்தால் அறுபது ரூபாய். எனக்கும் பீஸ் ரேட்தான். அத்தையின் பாட்டை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: 'பாடல் முடிந்தபின் தகவலாளியின் சொந்தப் பேச்சு. ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.' யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. கட்டம் இல்லை என்பதால் நானே வெட்டினேன்.

பிறகு நான் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது அத்தையின் பேச்சை மையமாக வைத்துத் தலைப்புக் கொடுக்க ஆசைப்பட்டேன். குழுவில் ஒருவர் கேட்டார்: இது எந்தத் துறை? நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். தலைப்பை மாற்றிக்கொண்டு ஒப்பாரியின் யாப்பையும் உவமையையும் எழுதிப் பட்டம் வாங்கினேன். பேருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறேன். அத்தை என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறாள். தொழில்: கூலி. கல்வி: இல்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கேசட் எங்கே என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

*

பிள்ளை வந்துபோன மறுநாள் ஊருக்குப் போய் அவள் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் தொட்டில் துணி வாடை என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சித்தப்பா, அது அம்மோனியா."

அவள் விளக்கியது இது. அலுமினியப் பவுடரும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் வினை தொடங்கிவிடும். சூடு உண்டாகும், அம்மோனியா வாயு வரும். சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும். அதைத் தடுக்கத்தான் கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்க்கிற வழக்கம் இருக்கிறது. வாடை வந்துவிட்டது என்றால் மருந்து தன்னாலே காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். "வாட வந்தா எந்திரிச்சு ஓடணும். அப்பத்தா சரியாத்தான் செஞ்சிருக்காங்க."

இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக நான் ஒரு கிழவியின் புலம்பல் என்று நினைத்து வைத்திருந்தது ஒரு விஞ்ஞானக் கவனிப்பு. ஈரம், மீந்த நேரம், சூடு, வாடை, நாலையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டவன் தமிழ் எம்.ஏ. அம்மோனியாவைத் தெரிந்திருக்கக்கூடிய வேதியியல்காரன் அங்கே வரவில்லை. வந்திருந்தாலும் போர்மேன் சிரித்த சிரிப்பை அவன் எழுதியிருக்கமாட்டான். ஆனால் அந்தச் சிரிப்பும் விபத்துக்கு ஒரு காரணம். எச்சரிக்கை ஒரு சக்கிலியப் பொம்பளை வாயிலிருந்து வந்ததால்தான் அது எச்சரிக்கையாக எடுபடவில்லை. வேதியியலும் சாதியும் அந்த ஒரே வாடைக்குள் இருந்தன. வாரக்காரனின் கணக்கும் அந்த அறைக்குள் இருந்தது.

எங்கள் வட்டாரத்துச் சாவுச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், பல உயிர். 2024 மே 9 செங்கமலப்பட்டி, பத்துப் பேர். நடுவில் ஒன்றும் இரண்டுமாகச் செத்தவர்கள் கணக்குத் தனி. எந்த விபத்து நடந்தாலும் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் அதே வாக்கியம்தான்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. உராய்வு என்பது பௌதிகச் சொல். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் மருந்தும் மருந்தும் தங்களுக்குள் உரசிக்கொண்டதாக ஆகிவிடுகிறது. உள்குத்தகைக்கு விட்டவன், மீந்த மருந்தைக் கொடுத்தவன், வட்டிக்கு விட்டவன், எவனும் அந்த வாக்கியத்துக்குள் வருவதில்லை. அச்சங்குளத்துக்குப் பிறகு உள்குத்தகையைப் பற்றிப் பேச்சு எழுந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. ஆனால் உள்குத்தகை சட்டத்துறைக்கு, மருந்து வேதியியலுக்கு, கடன் பொருளாதாரத்துக்கு, சாதி சமூகவியலுக்கு, ஒப்பாரி தமிழுக்கு என்று பங்கு பிரித்துக்கொடுத்துவிட்டால், செத்த பிள்ளை எந்தத் துறையிலும் முழுசாக இருக்கமாட்டாள்.

*

இந்தப் பங்கு பிரிப்பு தப்பு என்பதைப் பல்கலைக்கழகங்களும் இப்போது ஒத்துக்கொள்கின்றன. துறைச் சுவர்களை உடைக்க வேண்டும் என்று துணைவேந்தர்கள் மேடையில் பேசுகிறார்கள். பல்கலைக்கழக மானியக்குழு 2019 ஜூலையில் 'ஸ்ட்ரைட்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. இந்திய வளர்ச்சிக்காகத் துறை கடந்த ஆய்வை ஊக்குவிப்பதே நோக்கம் என்றார்கள். ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் வரை, பல நிறுவனங்கள் சேர்ந்து வலையமைத்தால் 5 கோடி ரூபாய் வரை. உள்ளூர்ப் பிரச்சினைகளுக்குத் தீர்வு காண்பது, இளம் ஆய்வாளர்களை அடையாளம் காண்பது என்றெல்லாம் அதில் உண்டு. படித்தால் பிள்ளையின் நோட்டுக்காகவே எழுதியது போலத் தோன்றும்.

ஆனால் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். துறைகள் இருக்கிற நிறுவனத்துக்கு, அதில் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பேராசிரியர்களுக்கு. அவர்கள் கூடிக் கேள்வியை எழுதுவார்கள். பிறகு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். அப்போது எங்கள் பிள்ளை உள்ளே போகலாம், 1997இல் நான் போனது மாதிரி, இன்னொருவர் அச்சடித்த படிவத்தோடு. நாலு துறை சேர்ந்து படிவம் அடித்தால் நாலு கட்டம் கூடும். அத்தையின் பேச்சுக்குக் கட்டம் வருமா என்பது, கட்டம் போடுகிறவனுக்கு அத்தையைத் தெரியுமா என்பதைப் பொறுத்தது.

இதற்கு எங்கள் தொழிலிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் உத்தரவு போட்டது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. பயர் ஆபீசுகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சரம் பின்னிப் பிழைத்த பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே நேரத்தில் நாகபுரியில் உள்ள நீரி நிறுவனத்தின் தலைமையில் மத்திய அரசின் ஆய்வுக்கூடங்கள் ஒன்றுகூடின. சுற்றுச்சூழல்காரர், வேதியியல்காரர், மின்வேதியியல்காரர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று புதுக் கலவைகள் பிறந்தன. நுண்துகள் மாசு 30 சதவீதம் குறையும் என்றார்கள். மருந்தைச் சோதிக்கச் சிவகாசியிலேயே ஆய்வுக்கூடம் வந்தது.

ஆக, துறைகள் ஒன்றுசேர முடியாதவை அல்ல. பணம் இல்லை என்பதும் இல்லை. கேள்வி டெல்லியின் நுரையீரலிலிருந்து வந்ததால் துறைகள் ஓடிவந்து சேர்ந்தன. டெல்லிக் குழந்தை மூச்சுத் திணறக்கூடாதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே அளவுகோலாக இருந்தது வெடித்த பிறகு வருகிற புகை. வெடிக்கிறதுக்கு முன்னால் அந்த மருந்துக்குள் எட்டு மணி நேரம் கிடக்கிற கை அளவுகோலாக இல்லை. இதே ஆய்வுக்கூடங்களில் ஒன்று, மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பக்கத்துக் காரைக்குடியில் இருக்கிறது. 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து உருவானது. அங்கிருந்து ஆமத்தூருக்கு வர ஒரு பகல் பஸ் பயணம் போதும். தூரம் ரோட்டில் இல்லை.

*

துறை தாண்டிய ஆய்வு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பாபாசாகேப் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று வருசத்துக்கு. அங்கே அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இருக்கிறது. பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. அவர் பொருளாதார மாணவர். ஆனால் 1916 மே 9ஆம் தேதி சாதியின் தோற்றம் குறித்த கட்டுரையை வாசித்தது கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில். அந்தக் கட்டுரையின் அடித்தளமே ஒரு கணக்கு: அகமணம் உள்ள கூட்டத்தில் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இல்லாமல் போகும்போது 'மிகை'யாகிற பெண்ணை என்ன செய்வது, 'மிகை'யாகிற ஆணை என்ன செய்வது என்பது. உடன்கட்டையையும் விதவைக் கோலத்தையும் குழந்தை மணத்தையும் அந்தக் கணக்கிலிருந்து பிரித்துக் காட்டினார். மிகை என்பது பொருளாதாரம் படித்தவனுக்குப் பழகின சொல். மானிடவியலுக்குள்ளேயே இருந்தவனுக்கு அது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் ஆளோடு போனது. பரோடா உதவித்தொகை கொலம்பியாவின் எந்தத் துறைக்கும் கொடுத்த மானியம் அல்ல. அதனால் அவர் ஒரு வகுப்பிலிருந்து எழுந்து இன்னொரு வகுப்பில் போய் உட்கார முடிந்தது. கேள்வியும் அவருடையதாக இருந்தது. பணம் நின்றதும் என்ன ஆயிற்று என்பதும் தெரியும். லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர் 1917இல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920இல்தான் மறுபடி போனார். ரூபாயின் பிரச்சினை பற்றிய நூல் 1923இல் வந்ததற்குப் பின்னால் இந்த மூன்று வருச இடைவெளி இருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் இப்படி ஆளோடு போகிற பணம் நம் பிள்ளைகளுக்கு உருப்படியாகக் கிடைத்தது 2005-06இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகையில். பின்னால் தாழ்த்தப்பட்டோருக்கு ஆண்டுக்கு 2,000 இடம் என்று ஆனது. தொடக்கத்தில் அதற்கு நெட் தேர்ச்சி கேட்கவில்லை. ஆய்வுக்குப் பதிந்திருந்தால் போதும். என் தலைமுறைக்குக் கிடைக்காத சௌகரியத்தோடு ஒரு தலைமுறை ஆய்வுக்குள் வந்தது. பிறகு பேர் மாறியது, தேர்வு நெட் வழியாக ஆனது. நெட் என்பது பாடவாரியான தேர்வு. வேதியியல்காரி வேதியியலில்தான் எழுத வேண்டும். 2023லிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் ஆளோடு வந்த பணத்தின் முதுகில் துறையின் முத்திரை குத்தியாகிவிட்டது. தமிழ்நாடு அரசும் முழுநேர முனைவர் பட்டம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் கொடுக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை எந்தத் துறையின் கதவைத் தட்டுவாள்?

துறை மாறிய ஒரு பிள்ளையை நமக்கு நன்றாகத் தெரியும். ரோஹித் வெமுலா அய்தராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியலில்தான் முதலில் சேர்ந்தார். பிறகு அறிவியலையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கிற துறைக்கு மாறினார். இன்றைக்கு எல்லாத் துணைவேந்தரும் பேசுகிற பல்துறைப் படிப்பு அதுதான். 2016 சனவரி 17ஆம் தேதி அவர் போனபோது ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், அவருக்கு வரவேண்டியிருந்தது. ஆளோடு வருகிற பணத்தை நிறுத்தினால் ஆளையே நிறுத்தலாம் என்பது அதிகாரத்துக்குத் தெரியும்.

அப்புறம் 2022 பிப்ரவரி. வெளிநாட்டில் படிக்கத் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குக் கொடுக்கிற தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. வருசத்துக்கு 125 பேருக்குத்தான். அதன் விதிமுறையில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம். பண்டைய இந்திய வணிகம், பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி, சாதியின் தோற்றம், மூன்றையும் கொலம்பியாவில் எழுதிய மாணவன் இந்த விதியின்படி விண்ணப்பித்திருந்தால் படிவத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

2019இல் சுவரை உடை என்று ஓர் அறிவிப்பு, 2022இல் உன் வாழ்க்கையின் பக்கம் திரும்பாதே என்று ஒரு விதி. இரண்டும் ஒரே அரசின் கைகளிலிருந்து வந்தவை. முதலாவதில் பணம் நிறுவனத்துக்கு, இரண்டாவதில் பணம் நம் பிள்ளைக்கு. நிறுவனம் துறை தாண்டலாம், நம் பிள்ளை தாண்டக்கூடாது என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு அர்த்தமாகிறது.

*

ஒழுங்காக ஒரு துறையைக் கற்காமல் எல்லாவற்றிலும் கை வைத்தால் ஆய்வு சந்தைக் கடையாகிவிடாதா என்று என்னோடு வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பாபாசாகேப் அறுபது பாடத்தில் இருபத்தொன்பதைப் பொருளாதாரத்திலேயே படித்தார் என்பதே என் பதில். ஒரு துறையில் கால் ஊன்றித்தான் இன்னொன்றுக்குத் தாவ முடியும். பிள்ளையும் வேதியியலை விடுகிறேன் என்று சொல்லவில்லை. வேதியியலைத் தன் அம்மாவின் கைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறாள். நான் அம்மோனியாவைக் கோட்டைவிட்டதற்குக் காரணம் துறை தாண்டியது அல்ல, தாண்டாதது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தலித் பத்திரிகைகளாகிய நாமும் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். அதில் கண்ணீருக்குக் கட்டம் உண்டு, அவமானத்துக்கு உண்டு, பாட்டுக்கும் சாமியாட்டத்துக்கும் உண்டு. கூலி நோட்டுக்கு, வட்டிக் கணக்குக்கு, மருந்தின் ஈரத்துக்குக் கட்டம் இல்லை. நம் சனங்களிடம் இருப்பது அனுபவம், ஆய்வாளர்களிடம் இருப்பது அறிவு என்று நாமே நம்பிவிட்டோம். அத்தையின் பேச்சு என் கையில் அனுபவமாகக்கூட ஆகவில்லை, வெறும் 'சொந்தப் பேச்சு' ஆனது. வெட்டியது மேல்சாதிப் பேராசிரியர் அல்ல, அவள் மருமகன்.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உதவித்தொகை ஆளோடு போகட்டும், துறை முத்திரை இல்லாமல். ஒரு மாணவிக்கு இரண்டு துறையிலிருந்து இரண்டு நெறியாளர் இருக்க விதி இருந்தால் போதாது, அந்த இரண்டு பேரும் ஒரு தரமாவது சேர்ந்து களத்துக்கு வந்தால்தான் கையெழுத்து செல்லும் என்று ஆக்குங்கள். கேள்வியை முதலில் கேட்டவள் பயர் ஆபீஸ் பெண்ணாக இருந்தால் அவளைப் பின்னிணைப்பில் தகவலாளி என்று போடாதீர்கள். கேள்வி அவளுடையது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள், அவள் இழக்கிற நாள் கூலியைத் திட்டப் பணத்திலிருந்து கொடுங்கள்.

பிள்ளை இப்போது வேதியியலிலேயே பதியப் பார்க்கிறாள். எங்கள் கல்லூரியில் தமிழ்த் துறையிலிருந்து நான் துணை நெறியாளராக இருக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழு என்ன சொல்லும் என்று தெரியாது. இது எந்தத் துறை என்று கேட்பார்கள். இந்தத் தடவை தொட்டில் துணி வாடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் என்னைப் போலக் களப்பணிக்குப் போனவர்கள் பலர் இருப்பீர்கள். எல்லைக்கு அப்பாற்பட்டது என்று நீங்களும் எதையாவது வெட்டியிருப்பீர்கள். பாட்டு முடிந்த பிறகு அவர்கள் பேசியது ஞாபகம் இருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். எந்தத் துறை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.